இரண்டு ஜிப் வைத்த மஞ்சள் நைட்டி

1

வருகிற வெள்ளிக்கிழமை என் அக்கா சரசுவின் முதல் வருஷத் திதி. ஊரில் ஆடிக் காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருக்கும். இங்கே நியூசிலாந்தில் ஆடி என்றால் கடுங்குளிர். விடிந்ததும் கார்க் கண்ணாடியில் உறைந்திருக்கும் பனியைச் சுரண்டிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புகிறேன். முதியோர் இல்லம் ஒன்றில் சலவைப் பிரிவில் வேலை. மதியம் இரண்டு மணிக்கு வீடு வந்து, சோற்றைப் போட்டுத் தின்றுவிட்டு, அதே மேசையில் தையல் மிஷினைத் தூக்கி வைத்து உட்கார்ந்துவிடுவேன். என் வீட்டுக்காரர் நாமக்கல்லில் லாரி பாடி கட்டிய கையோடு இங்கே டிரெய்லர் கட்டுகிற பட்டறைக்கு வந்தவர். அவர் வீடு திரும்ப ஆறு மணி ஆகும். அதுவரை எனக்கு மிஷின் சத்தம்தான் பேச்சுத்துணை.

மூன்று வாரமாக அந்த மிஷினைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஊரில் நீங்கள் எல்லோரும் என்னைக் கெட்டிக்காரி, கை சுத்தமான டெய்லர் என்று சொல்லி வைத்திருக்கிறீர்கள். அந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிடலாம்.

2

திருச்செங்கோட்டுப் பக்கம் எங்கள் வீட்டில் நானும் அக்காவும் பத்து வருஷம் எதிரெதிராக உட்கார்ந்து நைட்டி தைத்தோம். குமாரபாளையத்திலிருந்து வெட்டிய துணி மூட்டை மூட்டையாக டெம்போவில் வந்து இறங்கும். தைத்துக் கொடுத்தால் அதே டெம்போ எடுத்துக்கொண்டு போகும். தாம்பாளம் அளவுக்குப் பூக்கள், வாழையிலை அளவுக்கு இலைகள். இவ்வளவு பெரிய பூவை எந்த மகராசி போடுவாள் என்று நான் கேட்பேன்.

"நீ தைய்யி. போடறவ போடட்டும். பூ பெருசா இருந்தாத்தான் ஒட்டுப் போட்டது தெரியாதுடி" என்பாள் அக்கா.

எங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. தையலை விளிம்பில் தொடங்கி விளிம்பில் முடிக்க வேண்டும். இரண்டு முனையிலும் மிஷினைத் திருப்பி ஓட்டிக் கெட்டி போட வேண்டும். முனையில் நூல் விட்டுப்போன நைட்டி திரும்பி வந்தால் அக்காவுக்கு இரண்டு நாள் சோறு இறங்காது. இன்னொரு பழக்கம், ஜிப்பைத் தூக்கி எறியக் கூடாது. கிழிந்த நைட்டியைத் தரை துடைக்க எடுத்தாலும் ஜிப்பை மட்டும் பிரித்து எடுத்து வைத்துக்கொள்வோம். இந்த இரண்டு பழக்கமும் இருபத்திரண்டு வருஷமாக என்னோடு இந்த ஊரில் இருக்கின்றன.

குமாரபாளையத்துக் கட்டிங் மாஸ்டரிடம் நான் கற்றுக்கொண்ட பழக்கமும் ஒன்று உண்டு. துணியை அடுக்கடுக்காகப் போட்டு ஒரே வெட்டாக வெட்டுவது. ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டிருந்தால் அந்தத் தொழிலில் பிழைக்க முடியாது.

3

அக்காவுக்கு மார்பில் புற்றுநோய். மூன்று வருஷம் சேலத்துக்கும் ஊருக்கும் அலைந்தாள். அவளுடைய வீட்டுக்காரர், எங்கள் மாமா, போர்க்குழி போடுகிற ரிக் வண்டியோடு வடக்கே போனால் மாசக்கணக்கில் வரமாட்டார். ஒரே மகள் சௌமியாதான் கூட அலைந்தது. அக்கா போவதற்கு ஆறு மாசம் முன்னால், போன வருஷம் தையில், சௌமியாவை ஆத்தூரில் ஒரு அரிசி மில் குடும்பத்தில் கட்டிக் கொடுத்தார்கள்.

ஆடியில் அக்கா போய்விட்டாள். அன்றைக்கு புதுப்பிக்கக் கொடுத்திருந்த என் பாஸ்போர்ட் எங்கோ ஒரு அலுவலகத்து மேசையில் கிடந்தது. கூப்பிட்டேன். அவசரம் என்றால் மரணச் சான்றிதழை அனுப்பு என்றார்கள். பிணத்தை எடுப்பதற்கு முன்னால் சான்றிதழுக்கு யாரை ஓடச் சொல்வது? சரி, அன்றைக்கு முடியவில்லை. பதினாறாம் நாளுக்காவது போயிருக்கலாம். முட்டி மோதியிருந்தால் கிடைத்திருக்கும். நான் முட்டி மோதவில்லை. அக்கா இல்லாத வீட்டுக்குள் நுழைய எனக்குப் பயமாக இருந்தது. அலுவலகத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு இங்கேயே உட்கார்ந்து அழுதேன். அதற்குப் பிறகு சௌமியாவுக்குப் போன் செய்யக் கூச்சம் வந்துவிட்டது.

ஆவணியில் அவளே ஒரு பார்சல் அனுப்பினாள். கூடவே போனில் ஒரு வரி: "சின்னம்மா, அம்மாவோட மூணு நைட்டி அனுப்பிருக்கேனுங்க. பத்திரமா வெச்சிருங்க. அப்பறம் பேசறேன்."

பார்சல் நேராக வந்து சேரவில்லை. பூச்சி அரிக்காமல் இருக்கத் துணி மடிப்புக்குள் வேப்பிலை வைத்து அனுப்பியிருக்கிறாள், நம் ஊர்க்காரி அல்லவா. இந்த நாட்டில் வெளியூர் இலை ஒன்று உள்ளே வந்தால் போதும், பாம்பு வந்த மாதிரி பதறுவார்கள். கடிதம் வந்தது. அழிக்கவா, திருப்பி அனுப்பவா, மருந்துப் புகை போட்டுத் தரவா? மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். புகை போடச் சொன்னேன். ஐப்பசியில் பார்சல் கைக்கு வந்ததும் பிரித்து, மூன்று நைட்டிகளையும் மூக்கில் வைத்து அழுத்தினேன். மருந்து வாசம்தான் வந்தது. அக்காவின் வாசம் ஒரு துளி இல்லை. அன்றைக்கு வாசம் இருந்திருந்தால் பின்னால் கத்தரி வைத்திருக்க மாட்டேன்.

4

நான் இருக்கும் இந்த ஊர் நூலகத்தில் செவ்வாய்க்கிழமை மதியம் துண்டுத் துணிகளைச் சேர்த்துப் போர்வை தைக்கிற பெண்கள் கூடுவார்கள். என் மகள் இனியாதான் என் பெயரைக் கொடுத்துவிட்டாள். அவளுக்குப் பத்தொன்பது வயசு, வேறு ஊரில் தங்கிப் படிக்கிறாள். "வீட்லயே இருந்தா உனக்கு மனசு சரியாகாதும்மா" என்று பாதித் தமிழில் சொன்னாள். மாசியில் போக ஆரம்பித்தேன்.

அங்கே ஜேனட் என்ற அம்மாள் சொல்லிக்கொடுத்தது அறுகோணப் பூ. நடுவில் ஒரு அறுகோணத் துண்டு, சுற்றி ஆறு. ஏழும் சேர்ந்தால் ஒரு பூ. காலங்காலமாகக் காகிதத்தை உள்ளே வைத்துக் கையால் தைத்து வந்ததை ஜேனட் மிஷினில் தைப்பார். மிஷின் என்றதும் எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. மற்றவர்கள் ஒரு தையல் போடுவதற்குள் நான் பத்துப் போட்டேன். விரித்துப் பார்த்தால் பூ தட்டையாக உட்காராமல் கிண்ணம் மாதிரி குவிந்து நின்றது.

ஜேனட் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். நான் வழக்கம்போல விளிம்பு வரை தைத்துக் கெட்டி போட்டிருந்தேன். அறுகோணத்தில் விளிம்புக்குக் கால் அங்குலம் முன்னாலேயே நிறுத்திவிட வேண்டுமாம். மூலையில் தைக்காமல் விட்ட அந்த இடத்தில்தான் பக்கத்துத் துண்டு வந்து திரும்பி உட்கார முடியும். என் கை அதைக் கற்றுக்கொள்ள ஆறு வாரம் ஆயிற்று. தைக்காமல் விட்டுவிட்டு எழுந்து வருவது எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

பங்குனியில் மாமா போன் செய்து, சௌமியா உண்டாகியிருக்கிறாள் என்றார். அன்றைக்கே எனக்கு யோசனை வந்துவிட்டது. அக்காவின் நைட்டித் துணியில் அக்கா பேரனுக்கோ பேத்திக்கோ ஒரு போர்வை. செத்தவர் துணியைக் குழந்தைக்குப் போடக் கூடாது என்பார்கள், தெரியும். வெட்டித் தைத்தால் புதுத்துணிதானே என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சாவுக்குப் போகாத பாவத்தை ஒரு போர்வையைப் போட்டு மூடிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். சௌமியாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சொல்லாமல் செய்து திடீரென்று கையில் கொடுப்பது இந்த ஊரில் கற்றுக்கொண்ட பழக்கம்.

நூலகத்தில் நைட்டிகளை விரித்தபோது எல்லோரும் வியந்து போனார்கள். இதைப் போட்டுக்கொண்டு மேலே ஒரு துண்டைப் போட்டால் எங்கள் ஊரில் கடைத்தெரு வரை போகலாம் என்று சொன்னேன். அவர்கள் சிரித்ததில் நானும் சேர்ந்து சிரித்தேன். இவ்வளவு பெரிய பூவை எப்படி வெட்டுவது என்று கேட்டதற்கு ஜேனட், "பூவைத் தேடி வெட்டாதே. எங்கே வேண்டுமானாலும் வெட்டு. பெரிய பூ காணாமல் போகும், அதன் நிறம் சின்னப் பூக்களில் வரும்" என்றார். முதலில் ஒரே ஒரு துண்டு வெட்டிப் பார் என்றும் சொன்னார். அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூன்றில் இரண்டு நைட்டி துவைத்துத் துவைத்து நைந்தவை. மூன்றாவது மஞ்சள். தாம்பாளம் அளவுக்குச் சூரியகாந்திப் பூக்கள். துணி விறைப்பாக இருந்தது, ஒரு தண்ணீர்கூடப் பார்த்த மாதிரி இல்லை. மார்புக்கு இரண்டு பக்கமும் நெட்டுக்குத்தாக இரண்டு ஜிப். ஐம்பத்து நாலு வயசில் இவளுக்கு எதற்கு இரண்டு ஜிப் என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். நோய் மார்பில்தானே, டாக்டர் பார்க்க வசதியாக வைத்துக்கொண்டாள் போலிருக்கிறது என்று நினைத்து அழுதேன். ஜிப் இரண்டையும் பிரித்து ஒரு ஊறுகாய்ப் பாட்டிலில் போட்டு வைத்தேன். விறைப்பான துணி வழுக்காது என்பதால் மஞ்சளைத்தான் முதலில் எடுத்தேன். நாலு மடிப்பாகப் போட்டு, சக்கரக் கத்தியால் கட்டிங் மாஸ்டர் கணக்காக ஒரே காலையில் மொத்தத்தையும் வெட்டி முடித்தேன். வைகாசி மாசம் அது. ஜேனட் மாதிரி ஒன்றொன்றாக வெட்டியிருந்தால் பாதி நைட்டியாவது மிஞ்சியிருக்கும்.

5

ஆனி கடைசியில் சௌமியா கூப்பிட்டாள். ஒரு வருஷத்தில் முதல் தடவை. இங்கே மதியம் மூன்று மணி, அங்கே காலை.

"சின்னம்மா, நல்லாருக்கீங்களா? எனக்கு ஏழாம் மாசமுங்க."

"தெரியும் கண்ணு. மாமா சொன்னாரு. ஒடம்ப பாத்துக்கோ சாமி."

"நைட்டிய எப்பனுங்க அனுப்பறீங்க? அந்த மஞ்ச நைட்டி?"

எனக்குப் புரியவில்லை. அவள் சொல்லிக்கொண்டே போனாள்.

"என்ற கல்யாணம் முடிஞ்ச கையோட அம்மா தெச்சதுங்க. பெட்டுல உக்காந்துக்கிட்டு, ரெண்டு தையலு போட்டாப் படுத்துக்குவா, எந்திரிச்சா மறுபடி ரெண்டு தையலு. கொழந்தைக்குப் பாலு குடுக்கறப்ப போட்டுக்கோ, நான் இருக்கறனோ என்னமோன்னு சொல்லி ரெண்டு பக்கமும் ஜிப்பு வெச்சா. அதாங்க அவ கடைசியாத் தெச்சது. கருமாதிக்கு அப்பாகூடப் பொறந்த அத்தை பீரோவத் தொறந்து எல்லாத் துணியையும் வாரி வண்ணாருக்குக் குடுத்துட்டாங்க. நான் இந்த மூணத்தான் ஒளிச்சு வெச்சேன். ஆத்தூருக்குக் கொண்டாந்தா என்ற மாமியா விடமாட்டாங்க. வயித்துல ஒண்ணும் இல்லாதப்பவே கொழந்தைக்குன்னு சாமான் வெக்கக் கூடாது, அதுவும் செத்தவங்க கையால தெச்சதும்பாங்க. அதாஞ் சின்னம்மா உங்குளுக்கு அனுப்புனேன். உங்ககிட்ட இருந்தா ஒருத்தரும் தொடமாட்டாங்கன்னு."

என் முன்னால் மேசையில் மஞ்சள் அறுகோணங்கள் அடுக்கடுக்காக இருந்தன. பன்னிரண்டு பூ முடித்து வைத்திருந்தேன்.

"பத்திரமா இருக்குது சாமி," என்றேன்.

"அனுப்பிப் போடுங்க சின்னம்மா. இப்பத்தான் மாமியாகிட்டச் சொல்லி ஒத்துக்க வெச்சிருக்கேன்."

போனை வைத்ததும் நான் செய்த முதல் காரியம், பன்னிரண்டில் ஒன்பது பூவைப் பிரித்தது. பிரித்த துண்டுகளைத் தரையில் பரப்பி ஒரு சூரியகாந்தியையாவது பழையபடி சேர்க்கப் பார்த்தேன். தரையில் வைத்தபோது பூ முழுசாகத் தெரிந்தது. ஆசையாக இருந்தது. தைத்துப் பார்த்தால் ஒவ்வொரு தையலும் இந்தப் பக்கம் கால் அங்குலம், அந்தப் பக்கம் கால் அங்குலம் என்று துணியைத் தின்றுவிட்டது. இதழ் இதழோடு சேரவில்லை. தாம்பாளம் அளவு பூ சாப்பாட்டுத் தட்டளவுக்குச் சுருங்கி, நடுக்கண் கோணலாக நின்றது. மறுநாள் செவ்வாய்க்கிழமை. ஜேனட்டிடம் எடுத்துக்கொண்டு போய் வழி உண்டா என்று கேட்டேன். அவர் துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் யாராவது இறந்துபோனால் அவர்களுடைய ஒற்றைச் சாக்ஸைக்கூட நாங்கள் வெளியே போட முடியாது. வீட்டாரைக் கேட்டு, படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். பன்னிரண்டு வருஷமாக அந்தப் படிவத்தை நீட்டுகிறவள் நான். அக்கா துணிக்கு ஒரு போன் செய்து கேட்க எனக்குத் தோன்றவில்லை.

6

எப்படிச் சொல்வது என்று ஒரு வாரம் ஒத்திப்போட்டேன். சனிக்கிழமை இனியா வீட்டுக்கு வந்திருந்தாள். அவளுக்குப் பெரியம்மா என்றால் போனில் தெரிகிற ஒரு முகம். சௌமியாவோடு வருஷத்துக்கு ஒரு பிறந்தநாள் வாழ்த்து, அதோடு சரி. எங்கே சொந்தம் விட்டுப்போகுமோ என்று நான் கத்தாத கத்தல் இல்லை. அன்றைக்கு மதியத்துக்கு மேல் நான் குளித்துவிட்டு வருவதற்குள், பிரிக்காமல் மிச்சம் இருந்த மூன்று பூக்களை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்து, சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கிற குழுவில் போட்டுவிட்டாள். அடியில் தமிழில் எழுதியிருந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக, யாரும் சொல்லாமல்: "பெரியம்மா பூ."

என்னிடம் ஓடி வந்து காட்டினாள். "ஸ்பெல்லிங் சரியாம்மா?"

"சரிதான் கண்ணு," என்றேன். அவளை என்ன சொல்லித் திட்டுவது?

பத்து நிமிஷத்தில் போன் அடித்தது. தோட்டத்துப் பக்கம் போய் எடுத்தேன்.

"சின்னம்மா. இனியா ஒரு போட்டா போட்டிருக்கா."

"ம்."

"மஞ்சத் துணி அதானுங்களா?"

"அதான் சாமி."

"எப்ப வெட்டுனீங்க?"

"வைகாசில. உன்ற கொழந்தைக்கு ஒரு போர்வை தெச்சுக் குடுக்கலாம்னு. எனக்குத் தெரியாது கண்ணு. சத்தியமாத் தெரியாது. ஜிப்பப் பாத்தும் எனக்கு ஒறைக்கல. டாக்டருக்குன்னு நெனச்சுட்டேன்."

"அன்னைக்கு நான் கேட்டப்பவே வெட்டித்தான் இருந்துச்சு?"

"ஆமா."

"பத்திரமா இருக்குதுன்னு சொன்னீங்களே."

அவள் அழுவாள், திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஆத்தூரில் ஏதோ வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது மட்டும் கேட்டது.

"அம்மா போனப்ப நீங்க வல்லீன்னு எல்லாரும் பேசுனாங்க சின்னம்மா," என்றாள் கடைசியில். "நாந்தான் உங்களுக்காவப் பேசுனேன். பாஸ்போர்ட்டு இல்லீங்க, அவங்க என்ன பண்ணுவாங்கன்னு."

"கண்ணு…"

"ஜிப்பு இருக்குதுங்களா? அதையும் தூக்கிப் போட்டுட்டீங்களா?"

"இருக்குது சாமி. ரெண்டும் இருக்குது. நான் ஜிப்பத் தூக்கிப் போடுவனா?"

"அத மட்டும் அனுப்பிருங்க. இங்க ஒரு நைட்டி எடுத்து, டெய்லருகிட்டக் குடுத்து அந்த ஜிப்ப வெச்சுக்கறேன். எனக்குத் தெக்கத் தெரியாது. இந்தப் பொழப்பு உனக்கு வேண்டாம்னு அம்மா சொல்லிக் குடுக்கவே இல்ல."

"போர்வை முடிச்சு அனுப்பட்டுமா?"

"வேண்டாமுங்க சின்னம்மா. வெச்சிர்றேன்."

7

மறுநாள் ஞாயிறு, தபால் அலுவலகம் கிடையாது. திங்கட்கிழமை வேலை முடிந்து வீடு வந்ததும் ஊறுகாய்ப் பாட்டிலைத் திறந்தேன். ஜிப்பின் இரண்டு ஓரத்திலும் மஞ்சள் நூல் பிசிறுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. பிரிக்கும்போது நான் கவனிக்கவில்லை. ஒவ்வொரு முனையிலும் அக்கா மூன்று தடவை திருப்பி ஓட்டிக் கெட்டி போட்டிருக்கிறாள். படுத்து எழுந்து, படுத்து எழுந்து தைத்தவள், மகள் போடும்போது முனை விட்டுவிடக் கூடாது என்று மூன்று தடவை. அதைத்தான் நான் பிளேடால் நறுக்கியிருக்கிறேன். பிசிறுகளைப் பிடுங்காமல் அப்படியே ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி உறையில் போட்டேன். இலை, தழை ஒன்றும் வைக்கவில்லை.

தபால் அலுவலகத்தில் இருந்த பெண் சுங்கப் படிவத்தை நீட்டினாள். உள்ளே என்ன? ஜிப், இரண்டு. எதற்காக அனுப்புகிறீர்கள் என்ற இடத்தில் கட்டம் கட்டமாக இருக்கும். பரிசு, மாதிரி, ஆவணம், திருப்பி அனுப்பும் பொருள் என்று. ஊருக்கு எத்தனையோ பார்சல் அனுப்பியிருக்கிறேன். சாக்லேட், சென்ட், கம்பளிச் சட்டை, சௌமியா கல்யாணத்துக்குக் கைக்கடிகாரம். எல்லாவற்றுக்கும் பரிசு என்றுதான் குறி போடுவேன். கொடுக்கிற இடத்தில் இருக்கிறோம் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை. பேனா தானாகவே அந்தக் கட்டத்துக்குப் போய் ஒரு கோடும் போட்டுவிட்டது.

"தப்பாகப் போட்டுவிட்டேன். இன்னொரு படிவம் கிடைக்குமா?" என்று கேட்டேன்.

"பரிசுதானே? அதுதான் சுலபம், அப்படியே இருக்கட்டும்," என்றாள் அந்தப் பெண்.

"இல்லை. இது அவளுடையது," என்றேன்.

புதுப் படிவத்தில் திருப்பி அனுப்பும் பொருள் என்ற கட்டத்தில் குறி போட்டேன். பெறுபவர், சௌமியா. அனுப்புபவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதக் கை கூசியது. அக்கா தைத்ததை அக்கா மகளுக்கு அனுப்புகிறேன். நடுவில் நான் செய்த வேலை வெட்டியது ஒன்றுதான்.